வெறும் தட்டுக்கு ஒரு பூட்டு

1

கொழும்பு கொட்டாஞ்சேனையில், தெருவில் படுத்தெழும்புகிறவர்கள் பகலில் வந்து குளித்து, ஒரு வேளைச் சோறு சாப்பிட்டுப் போகும் நிலையம் ஒன்றில் நான் மேற்பார்வையாளராக இருந்தேன். டே சென்டர் என்போம். யுத்த காலம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டைரக்டர் எனக்கு ஒரு சட்டம் சொன்னார். பையோடு ஒருவரையும் உள்ளே விடக்கூடாது.

"வீடுள்ளவை பையை வீட்டில வச்சிட்டு வருவினம். இதுகள் எங்க சேர் வைக்கிறது?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"உள்ளுக்க ஒண்டு வெடிச்சா ஆர், பிள்ளை, பதில் சொல்றது? நீரோ, நானோ?"

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. வெள்ளவத்தையில் பஸ் ஏறினால், சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுத்தான் நானே உட்காருவேன். அனாதையாகக் கிடக்கும் ஒரு ஷொப்பிங் பேக்கைக் கண்டாலே றோட்டின் மற்றப் பக்கம் மாறிவிடுவேன். கொழும்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

ஆகவே வருகிறவர்கள் பைகளை வெளியே மதிலோரம் வைத்துவிட்டு வருவார்கள். முறை வைத்து ஒருவர் காவல் இருப்பார்.

2

மாரிமுத்து ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பொடியன். ஒருகொடவத்தையில் ஒரு ஸ்டோரில் மூட்டை தூக்கி, இரவில் அங்கேயே படுத்து வந்தவன். ஸ்டோர் மூடியதும் வேலையோடு படுக்கையும் போய்விட்டது. கடை வாசல்களில், பையைத் தலைக்கு வைத்துப் படுப்பான். ஐசி என்கிற அவனுடைய அடையாள அட்டையும் அந்தப் பைக்குள்தான். "சட்டையில வச்சா தூங்குறப்ப உருவிடுறாங்க மிஸ்" என்பான்.

அன்று அவன் பிந்தி வந்து, சாப்பிட்டுவிட்டுக் குளிக்கப் போனான். மற்றவர்கள் போயாயிற்று. காவலிருந்தவரும் தன் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். தனியே கிடந்த பையைக் கண்டு யாரோ பொலிஸுக்குச் சொல்லிவிட்டார்கள்.

விசில் சத்தம் கேட்டு யன்னலால் பார்த்தேன். றோட்டில் ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் ஆமிக்காரர் துவக்கை நீட்டியபடி நின்றார்கள். மதிலோரம் மாரிமுத்துவின் நீலப் பை கிடந்தது.

அவன் இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு ஓடி வந்தான். "ஐயோ, என் பைங்க மிஸ்! ஐசி அதுக்குள்ளதான் இருக்கு. ஓடிப்போய் எடுத்துக்கிட்டு வந்திர்றேன்!"

"விசரே உனக்கு? ஓடினா சுடுவாங்கள்!" இரண்டு கைகளாலும் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

பேசாமல் இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் வந்திராது. ஆனால் அந்தப் பையும் போனால், அட்டையும் இல்லாமல் முகவரியும் இல்லாமல் ஒரு தமிழ்ப் பொடியன் அடுத்த செக்பொயின்றைத் தாண்டுவானா? பிடித்துக்கொண்டு போனால் எங்கே என்று தேடுவது? கைகளை உயர்த்தச் சொல்லி, நானும் உயர்த்திக்கொண்டு, அவனோடு வாசலுக்குப் போனேன்.

"சேர், மே பேக் எக மெயாகே" என்றேன் சிங்களத்தில். பை இவனுடையது என்று.

"மெயாவ தன்னவாத?" இவனைத் தெரியுமா என்று ஆமி அதிகாரி கேட்டார்.

"ஓவ் சேர்" என்று தலையாட்டினேன்.

பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியுமா என்பது அடுத்த கேள்வி. எத்தனையோ நாள் சோறு போட்டிருக்கிறேன், ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை. கடவுளே, இவன் வேறு ஆளாக இருந்தால்? என் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து யாரைத் தேடுவார்கள்? மாரிமுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரியும் சேர். சாரம், போர்வை, கோப்பை, ஐசி" என்றேன்.

"அப்படியென்றால் ஏன் வெளியே வைத்தான்?"

"பையை உள்ளே விடமாட்டோம் சேர்" என்று, வாசலில் நாங்களே தொங்கவிட்ட அறிவித்தலைக் காட்டினேன். அதிகாரி அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இப்போதும் சுடுகிறது.

ஆனாலும் பையைத் தொட விடவில்லை. எங்களைத் தூரத்தில் குந்த வைத்துவிட்டு, அதை வெடிக்க வைத்தார்கள். அவர்கள் வைத்த வெடிக்குப் பின்னால் பெரிய வெடி ஒன்று வருமோ என்று காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். வரவில்லை. நெளிந்த கோப்பையும் போர்வைத் துண்டுகளும்தான் றோட்டில் கிடந்தன. அட்டை கிடைக்கவே இல்லை.

3

ஸ்டேஷனுக்கு அவனைக் கொண்டு போனார்கள். நானும் டைரக்டரும் பின்னாலேயே போய், "எங்கட ஆள்" என்று நின்றோம். முகவரி கேட்டபோது டைரக்டர் ஒரு கணம் தயங்கினார். பிறகு நிலையத்தின் முகவரியையே கொடுத்தார். பொழுதுபடும் நேரத்தில் விட்டார்கள்.

அடுத்த கிழமை டைரக்டரே தனித்தனிக் கதவு போட்ட பல தட்டுகள் உள்ள இரும்பு அலுமாரி ஒன்றை வாங்கி வந்து வாசலுக்கு உட்புறம் வைத்தார். பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே வைக்கலாம். ஆளுக்கொரு தட்டு, ஒரு பூட்டு, அதைத் திறக்க ஒரு திறப்பு. எல்லோரும் வரிசையில் நின்றார்கள். மாரிமுத்துவும் வெறுங்கையோடு நின்றான்.

"உன்னட்டத்தான் ஒண்டுமில்லையே ராசா. வெறும் தட்டுக்கு என்னத்துக்குப் பூட்டு?" என்று பகிடியாகத்தான் கேட்டேன்.

"பரவாயில்லீங்க மிஸ். எனக்கும் ஒன்னு குடுங்க."

ஒன்றுமில்லாத தட்டைப் பூட்டினான். இழுத்துப் பார்த்தான். திறப்பை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு போனான்.

வீடில்லாதவர்களுக்கு ஏதாவது செய்யப் புறப்படும் பிள்ளைகள், எங்கே தொடங்குவது என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். கட்டில், சோறு, வீடு எல்லாம் வேண்டும்தான். அதற்கு முதல் ஒரு பூட்டும் திறப்பும் கொடுங்கள். உள்ளே வைக்க ஏதும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.