மாமாவின் பழைய இங்கிலீஷ்

அன்று மண்டபத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா, வாசலில். அம்மா, சமையல்காரருக்குப் பக்கத்தில். அக்கா, மணவறையில். நான், மணவறைக்குக் கீழே, காலில் செருப்பில்லாமல். மாமா, அம்மாவின் அண்ணன், ஒலிவாங்கியோடு. மாமி. ஐயர். அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்து வந்த நகைக்கார அன்ரி. ஸ்கீவவில் இருந்து சித்தப்பா, வாயை மூடாதவர். அக்காவின் வகுப்பு ரீச்சர், டெனிஷ்காரி, இந்த நாட்டுக்காரி. வகுப்புப் பெண்பிள்ளைகள் மூன்று பேர், அவர்களும் டெனிஷ். மற்றவர்கள் எல்லாம் ஹேர்னிங்கிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற எங்கள் ஆட்கள். இருநூறு பேருக்குக் குறையாது.

அது அக்காவின் சாமத்தியவீடு. மண்டபம் என்றால் விளையாட்டு மண்டபம். நிலம் முழுக்கச் சிவப்பு, மஞ்சள் கோடுகள். பந்து போடுகிற வளையத்தைப் பட்டுத்துணியால் மூடி, அதன் கீழே மணவறை வைத்திருந்தார்கள். எனக்கு ஒன்பது வயது.

டெனிஷ் ஆட்களை அழைத்தது அப்பா. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் வைத்தே ரீச்சரின் கையில் அழைப்பிதழைக் கொடுத்துவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து டெனிஷில் கத்தினாள். அப்பா தமிழில் கத்தினார்.

"ஏன், நாங்கள் களவோ எடுத்தனாங்கள்? மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? எங்கடை கலாசாரம் அவைக்கும் விளங்கட்டும்."

விளங்கவைக்கிற வேலையை அப்பா மாமாவிடம் கொடுத்தார். "மச்சான், வந்த டெனிஷ் ஆக்களுக்கு இங்கிலீஷிலை வடிவாச் சொல்லுங்கோ. பிள்ளை பெரிசாயிட்டாள், அதுக்குத்தான் இது எண்டு ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ." அப்பாவுக்கு டெனிஷ் தொழிற்சாலை அளவுக்கு. இங்கிலீஷ் அதுவும் இல்லை.

மாமாவுக்கு இங்கிலீஷ் இருந்தது. ஊரில் காணிப் பத்திரம் எழுதுகிற ஒரு நொத்தாரிசிடம் எழுதுவினைஞராக இருந்தவர். அங்கே கிடந்த, அட்டை போன ஒரு பழைய அகராதிதான் அவருடைய பள்ளிக்கூடம். இங்கே வந்து அந்த இங்கிலீஷை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. உடுப்புக் களஞ்சியத்தில் சட்டை மடித்துப் பெட்டியில் வைக்கிற வேலை. டெனிஷ் கடைசி வரைக்கும் அவருக்கு வரவில்லை. ஒரு மேடையில் ஏறி இங்கிலீஷில் பேச வேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் பகிடி பண்ணுவார்கள்.

விழாவுக்கு முதல் கிழமை, வாடகை நகை எடுக்க மாமாவின் காரில் அல்பர்ட்ஸ்லுண்ட் போனோம். முன்னுக்கு அக்கா, பின்னுக்கு நான். வழியில் பெற்றோல் அடிக்க நின்றோம். ஒரு வெளியூர்க்காரர் வந்து இங்கிலீஷில் வழி கேட்டார். மாமா சொன்னார். அந்த ஆளுக்கு ஒரே தரத்தில் விளங்கிவிட்டது. நன்றி சொல்லிவிட்டுப் போனார். மாமா சிரித்த முகத்தோடு காரில் ஏறினார்.

பெரிய பாலத்தில் ஏறிய பிறகு அக்கா வாய் திறந்தாள். மாமாவோடு மட்டும் அவள் தமிழில்தான் கதைப்பாள்.

"மாமா, நீங்கள் அதைச் சொல்லாதேங்கோ."

"எதை?"

"எனக்கு வந்ததை. கிளாஸிலை ஒருத்தருக்கும் தெரியாது. நான் கொன்ஃபர்மேஷன் மாதிரி எண்டு சொல்லி வச்சிருக்கிறன்."

கொன்ஃபர்மேஷன் என்பது இங்கே பதினாலு வயதில் கிறிஸ்தவக் கோயிலில் செய்வது. வெள்ளைச் சட்டை, விருந்து, பரிசு. எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் பார்த்திருந்தார்கள்.

"நான் பேசாட்டி உன்ரை அப்பா விடமாட்டார், பிள்ளை. வேறை ஆரையும் பிடிச்சுப் பேச வைப்பார்."

"திங்கக்கிழமை நான் பள்ளிக்கூடம் போகோணும், மாமா."

பாலம் நீளம். கீழே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பி அழுதாள். பாலம் முடிகிற இடத்தில் மாமா கேட்டார்.

"உன்ரை ரீச்சருக்கு இங்கிலீஷ் தெரியுமோ?"

"அவ இங்கிலீஷ் ரீச்சர்தானே."

"எந்த இங்கிலீஷ்?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். அன்ரி வீட்டில் அக்காவின் இடுப்பில் ஒட்டியாணம் வைத்துப் பார்த்தபோது, மாமா கதவடியில் நின்று தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நெற்றிச்சுட்டி வைத்தபோது வேறு ஏதோ சொன்னார். ரீச்சரோடு போட்டிக்குத்தான் தயாராகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விழா நாளில் மாமா பாலும் அறுகும் வைத்து அக்காவை வாழ்த்திவிட்டு ஒலிவாங்கியை எடுத்தார். அப்பா கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

மாமா பேசினார். நீளமாகப் பேசினார். அப்படி ஒரு இங்கிலீஷை நான் தொலைக்காட்சியிலும் கேட்டதில்லை. அப்பறல் என்றார், அறே என்றார், பெடெக் என்றார், கப்பரிசன் என்றார். ஒட்டியாணத்தைக் காட்டி பெகேர்ட் என்றார். தலையில் இருந்து கால் வரைக்கும் காட்டி பெடைற் என்றார். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, கையை உயர்த்தி, கோயிலில் மந்திரம் சொல்வது போலச் சொன்னார். வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் பெடியன்கள் பின்வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா மட்டும் நிமிர்ந்து இருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

முடிந்ததும் அப்பாதான் முதலில் கை தட்டினார். நீளமாகப் பேசினால் எல்லாம் சொல்லியாயிற்று என்பது அவருடைய கணக்கு.

சாப்பாட்டில் சித்தப்பா தொடங்கினார். "அண்ணை, வெள்ளைக்காரன் இலங்கையிலை விட்டிட்டுப் போன இங்கிலீஷை நீங்கள் இன்னும் திருப்பிக் குடுக்கேல்லையோ?"

"ராசா காலத்து இங்கிலீஷ்," என்றார் இன்னொருவர். "மாமா, குதிரையிலை வந்தனீங்களோ, காரிலையோ?"

மாமா இடியப்பத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். "காரிலைதான்," என்றார்.

ரீச்சர் எழுந்து வந்தார். மாமா முன்னால் நின்று, இங்கிலீஷில், மெதுவாக ஒரு வசனம் சொன்னார். அதில் ஒரு சொல் எனக்குத் தெரிந்தது. பெடைற். மாமாவின் கை சாப்பாட்டுக் கோப்பையில் அப்படியே நின்றது. ரீச்சரைப் பார்த்தார். பிறகு எழுந்து தலையைத் தாழ்த்தினார். கறிக்கை என்பதால் கை கொடுக்கவில்லை.

ரீச்சர் தன் மேசைக்குத் திரும்பினார். நான் பின்னாலேயே போனேன். பிள்ளைகளில் ஒருத்தி டெனிஷில் கேட்டாள், அந்த மனிதர் அவ்வளவு நேரம் என்ன சொன்னார் என்று.

"அவளுடைய உடுப்பைப் பற்றி," என்றார் ரீச்சர். "மிக அழகான உடுப்பு என்றார்."

"இது எதற்கான விழா?"

"அவர்களுடைய கொன்ஃபர்மேஷன்."

ரீச்சருக்கும் அவ்வளவுதான் விளங்கியது என்று நினைத்தேன். மாமா தோற்றுப்போனார் என்றும் நினைத்தேன்.

திங்கட்கிழமை அக்கா பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். மாமாவுக்கு ராசா என்ற பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் அப்பாவுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள், பேச்சு ஒருவருக்கும் விளங்கவில்லை என்று. அதன் பிறகு எந்த மேடையிலும் மாமாவின் கையில் ஒலிவாங்கி கொடுக்கப்படவில்லை. அவரும் கேட்கவில்லை.

நான் பெரிதாகப் படிக்கவில்லை. வளர்ந்த பிறகு முதியோர் இல்லத்தில் வேலை. காலையில் ஆட்களைக் கழுவி உடுப்புப் போட்டுவிடுவேன். முதல் கிழமையிலேயே ஒன்று பழகிவிட்டது. ஒருவருடைய உடுப்பைக் கழற்றும்போது வேறு எதையாவது கதைக்க வேண்டும். மழை, கோப்பி, பேரப்பிள்ளை. விசர்க்கதை என்றாலும் பரவாயில்லை, அவர்கள் உடுத்து முடியும் வரைக்கும் கதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் ஒரு கிழவிக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிக்கொண்டு நிற்கும்போது மாமா நினைவுக்கு வந்தார். அந்தப் பொத்தானைப் பூட்டச் சற்று நேரம் எடுத்தது.

மாமா அதற்கு முதலே காலமாகிவிட்டார். அக்காவுக்குப் போன் எடுத்து, அதைச் சொல்லாமல் இருக்கத்தான் மாமா உடுப்பைப் பற்றியே பேசினாரோ என்று கேட்டேன்.

"இப்பத்தானோ உனக்கு விளங்குது?" என்றாள். பிறகு சிரித்தாள். "அதிலை ஒரு சொல்லு, கப்பரிசன், குதிரைக்குச் சோடிக்கிறதுக்கு. நான் பிறகு தேடிப் பாத்தனான். உடுப்புக்குச் சொல்லு போதாமல் போச்சு போலை, மனுசனுக்கு."

அன்று மண்டபத்தில் இருநூறு பேர். மாமா என்ன செய்கிறார் என்று தெரிந்தவர்கள்: மாமா, அக்கா, ரீச்சர்.

மூன்று.