கடைமடை வயர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் டப்பாத் திரைக்கு அருகே கன்னத்தைக் கொண்டுபோனால் மயிர் சிலிர்க்கும். மூடிவிட்ட பிரவுசிங் சென்டரிலிருந்து வாங்கிய பழசு என்பதால், சூடேறினால் பொசுங்கிய தூசி வாசமும் வரும். பூதலூர்ப் பக்கம் எங்கள் தெருவில் அண்ணன் தம்பி மூவரின் வீடுகளும் வரிசையாக இருந்தன, மூன்றுக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு. அதைப் பிரித்துக் கொடுக்கும் ரூட்டர் பெரியப்பா வீட்டு ஜன்னலோரம் இருந்தது. அங்கிருந்து சித்தப்பா வீட்டுக்கு ஒரு வயர், கடைசியாக இருந்த எங்களுக்கு ஒரு வயர். எங்களுடையதைப் பெரியப்பா "கடைமடை" என்றே சொல்வார்.

வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிப் பழகிய மனிதர். "மூணு மடையையும் ஒண்ணா தொறந்தா யாரு வயலும் நனையாது, கேட்டுக்கங்க" என்று, முறை இல்லாத வீட்டு வயர்களை ரூட்டரிலிருந்து பிடுங்கிவிடுவார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அப்பா குவைத்தில் இருந்தார். கைக்குழந்தையான என் தங்கையை அவர் பார்த்ததே இல்லை. சனிக்கிழமை பாலைவனத்தில் ஏதோ கேம்ப்புக்கு அனுப்புகிறார்கள், அங்கே இணையம் கிடையாது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்காருகிறேன், பிள்ளையைக் காட்டு என்று சொல்லியிருந்தார். அன்று முறை எங்களுடையது. அம்மா தங்கைக்குப் பவுடர் போட்டு, திருஷ்டிப் பொட்டு வைத்து, கேமரா முன்னால் உட்கார்ந்தாள். திரையில் ஒன்றும் வரவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால் பெரியப்பா வீடு பூட்டிக் கிடந்தது. பெரியம்மா பேராவூரணியில், தாய் வீட்டில். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதென்று பெரியப்பா வயலுக்குப் போயிருந்தார், சாவி அவர் இடுப்பில். சித்தப்பா அவரைத் தேடிச் சைக்கிளை மிதித்தார். ஜன்னல் கம்பி வழியே பார்த்தோம்: ரூட்டரில் பச்சை விளக்கு மினுக்கியது, பக்கத்திலேயே இரண்டு வயர்களும் தொங்கின. முந்தின நாள் பெரியப்பா முறை. எங்களுக்கு மாற்றிக் குத்த மறந்திருக்கிறார். ஒட்டடைக் கம்பை விட்டுத் துழாவினேன். வயர் இன்னும் கீழே சரிந்ததுதான் மிச்சம்.

"அந்த வெளக்கு நம்மளப் பாத்துக் கண்ணடிக்குதுக்கா" என்றாள் சித்தி. யாரும் சிரிக்கவில்லை.

அதற்குள் அப்பா சித்தியின் செல்லுக்குக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, அம்மா போனைத் தங்கையின் வாயருகே பிடித்தாள். அது கெக்கெக்கென்று சிரித்தது.

"பல்லு வந்துடுச்சா?"

"இல்லிங்க. பொக்க வாய்தான்."

பெரியப்பா சேற்றுக் காலோடு வந்து கதவைத் திறந்தபோது அப்பாவின் நேரம் முடிந்திருந்தது. வயரைக் குத்திவிட்டு, "வருதா பாரு, இப்ப வருதா பாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வந்தது.

அப்பா ஊர் திரும்பியபோது தங்கைக்குப் பல்வரிசை முழுசாக முளைத்திருந்தது.

மூன்று வயரையும் குத்தியே வைத்திருக்கலாம், கொஞ்சம் மெதுவாகவேனும் மூன்று வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்கும் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணன்கிட்ட சொல்லிடாத. சாவிய எடுத்துட்டுப் போனதுக்கே மனுசன் இன்னும் வருத்தப்படுறாரு."

இப்போது ஆளுக்கொரு செல்போன். முறையும் இல்லை, ரூட்டர் போன இடமும் தெரியவில்லை. கடைமடை வயர் மட்டும் எங்கள் கொல்லையில் துணிக்கொடியாகக் கிடக்கிறது. நேற்றுகூடப் பெரியப்பா வந்து தன் ஈரத் துண்டை அதில் போட்டுவிட்டுப் போனார்.