மூன்று தடவை கூப்பிடுகிறவர்

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டி நிற்கிற பக்கம் போனால் கலியபெருமாள் மாமாவை நாம் தேட வேண்டியதில்லை. அவர் குரல் நம்மைத் தேடி வந்துவிடும். "அரியாங்குப்பம், தவளக்குப்பம், கடலூர்" என்று அவர் ஆரம்பித்தால் டீக்கடை ரேடியோ என்ன பாடுகிறது என்று ரேடியோவுக்கே தெரியாது. அவர் டிரைவர் இல்லை, கண்டக்டரும் இல்லை. தனியார் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டு, ஏற்றி, அனுப்பி வைக்கிறவர். தவளக்குப்பத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். கொஞ்சம் நிலம் உண்டு. அதில் நெல்லைவிட கோரைதான் நன்றாக வருகிறது என்று இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டாண்டுக்கு வந்தவர்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. வண்டி கிளம்புமுன் மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றாவது முடிந்ததும் உள்ளங்கையால் பஸ் தகரத்தில் இரண்டு தட்டு. வண்டி போய்விடும். மூன்றாவதுக்கு வராதவன் அடுத்த வண்டிக்குத்தான் என்பார். ஆனால் யாராவது "வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டால், அந்த ஆள் வந்து ஏறுகிறவரை தட்டமாட்டார். டிரைவர் திட்டினாலும் சரி, பின்னால் நிற்கிற வண்டிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாலும் சரி.

இந்தச் சட்டம் என்னை மாதிரி ஆட்களுக்காகவே போட்டது போல இருந்தது. எனக்குப் பதினேழு வயது. பத்தாவதில் கணக்குப் பாடம் இரண்டு தடவை என்னை வேண்டாம் என்றது, மூன்றாவது தடவை நான் கேட்கப் போகவில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் அத்தா, அதாவது அப்பா, ஜலால் ஒரு டூரிஸ்ட் வேன் வைத்து ஓட்டுகிறார். டூர் நோட்டீஸ் ஒட்டிவிட்டு வா என்று என்னை ஸ்டாண்டுக்கு அனுப்புவார். நோட்டீஸ் ஒட்ட ஐந்து நிமிஷம் போதும். மிச்ச நேரம் ஜூஸ் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். மாமா மூன்றாவது தடவை கூப்பிட்டு முடித்ததும் பொம்பளைக் குரலில், "இருங்கண்ணே, புள்ளையத் தூக்கிட்டு வந்துட்டேன்" என்பேன். ஒரு நாள் கிழவன் குரல், ஒரு நாள் காலேஜ் பையன் குரல். மாமா கையைத் தகரத்துக்குப் பக்கத்தில் வைத்தபடி நிற்பார். இரண்டு நிமிஷம். யாரும் வரமாட்டார்கள். அப்புறம்தான் தட்டுவார். ஒரு நாளும் என்னைப் பிடித்ததில்லை.

போன டிசம்பர் லீவில் அத்தா மலைக்கு டூர் போட்டார். மேலே இருக்கிற தேசியப் பூங்காவில் நடந்து போய் வரையாடு பார்ப்பது, அருவி பார்ப்பது, ஒரு ராத்திரி தங்கித் திரும்புவது. பூங்காவின் பேரை இங்கே எழுதப்போவதில்லை. மாமா இதைக் கேட்க நேர்ந்தால் அந்தப் பேர் அவர் காதில் விழ வேண்டாம். எங்கள் தெருக்காரர்கள் பதினாறு பேர், நான், என் தங்கை ஆஃப்ரின். கடைசி சீட்டில் ஜன்னலோரம் பார்த்தால் கலியபெருமாள் மாமா. வெள்ளைச் சட்டை, காலில் புது கேன்வாஸ் ஷூ. லேஸைக் கட்டத் தெரியாமல் கணுக்காலைச் சுற்றி வைத்திருந்தார்.

"என்னா மாமா, கடலூர் வண்டின்னு மாத்தி ஏறிட்டீங்களா?" என்றேன். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். அத்தா மட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

எனக்கு அன்றைக்குத் தெரியாததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். மாமாவுக்குப் பிரேம்குமார் என்று ஒரே மகன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இருபத்து மூன்று வயதில், கூட்டாளிகள் நாலு பேரோடு அந்தப் பூங்காவுக்குப் போனான். திரும்புகிற நேரத்தில் பனி இறங்கியிருக்கிறது. முன்னால் போனவர்கள் அவன் பின்னால் வருகிறான் என்று நினைத்தார்கள். பதினோரு நாள் தேடினார்கள். பள்ளத்துக்கு மேலே ஒரு ஷூ மட்டும் கிடைத்தது. கீழே முழுக்கக் காடு. அந்தப் பதினோரு நாளும் மாமாவை மேலே விடவில்லை. அடிவாரத்து ஆபீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையில் ஆள் மாதிரி செய்து, அதற்குக் கொள்ளி வைத்துக் கருமாதி செய்யலாம் என்று ஊரில் பெரியவர்கள் சொன்னார்கள். அவர் வீட்டுக்காரி ஆதிலட்சுமி அத்தைக்கு அழுது அழுது, செய்துவிட்டாலாவது பிள்ளைக்கு ஒரு வழி கிடைக்கும் என்று ஆகிவிட்டது. மாமா இரண்டு வருஷம் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் காரணத்தை எங்கள் அத்தாவிடம்தான் சொல்லியிருக்கிறார்.

"நான் இன்னும் அவனைக் கூப்புடவே இல்ல பாய். கூப்புடாம எப்படி அனுப்பறது?"

அவன் போன இடத்தில் நின்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் ஊருக்கு வந்து காரியத்தைச் செய்துவிடுவார். ஆதிலட்சுமி அத்தையிடம் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார். அந்தப் பூங்காவில் சத்தம் போடக் கூடாது, மிருகங்கள் மிரளும். அன்றைக்குத் தேடப் போனவர்களில் ஒருவரான பூங்கா வாட்ச்சர் சுப்பிரமணியனிடம் அத்தா கெஞ்சி, மூன்றே மூன்று தடவைக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தார். பிள்ளைகுட்டியோடு சுற்றிப் பார்க்க வந்தவர்கள் மனசு கெடுமே என்று வேனில் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொல்லாததற்கு வேறு காரணம் வேண்டாம், நான் நான்தான்.

மறுநாள் மத்தியானம் நடக்க ஆரம்பித்தோம். போய் வர ஆறு கிலோமீட்டர். எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் அரியாங்குப்பம் பாலம்தான். இங்கே மலை முழுக்கப் புல், அது முடிகிற இடத்தில் மேகம். பாதை நடுவில் ஒரு வரையாடு கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருந்தது. நாங்கள்தான் சுற்றிப் போனோம். ஆஃப்ரின் அதற்கு சலாம் வைத்தாள். மாமா எல்லோருக்கும் பின்னால் வந்தார். எதையும் பார்க்கவில்லை. பாதையின் விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தார்.

நான் முன்னால் ஓடி ஒரு வளைவுக்குக் கீழே பாறை மறைவில் பதுங்கினேன். ஆஃப்ரின் வந்ததும் சிறுத்தை மாதிரி உறுமுவதாகத் திட்டம். ஆனால் யாரும் வரவில்லை. மேலே பேச்சுச் சத்தமும் நின்றுபோனது. அப்போது அந்தக் குரல் கேட்டது.

"பிரேமூ."

பஸ் ஸ்டாண்டுக் குரல்தான். ஆனால் தகரமும் ஹாரனும் இல்லாத இடத்தில் அது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பள்ளத்தைத் தாண்டி எதிர் மலை வரைக்கும் போனது. இரண்டாவது தடவை கூப்பிட்டார். மாமா இங்கேயும் ஆள் ஏற்றுகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது. என் வாய்க்கு அதுதான் பழக்கம். பையன் குரலில், "வந்துட்டேன்பா" என்றேன்.

சிரிப்புக் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ஏறி வந்து பார்த்தால் எங்கள் ஆட்கள் எல்லோரும் பாதையோரம் நின்றிருந்தார்கள், அத்தா அப்போதுதான் அவர்களிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். சில பேர் அழுதுகொண்டிருந்தார்கள். மாமா விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். சுப்பிரமணியன் அவர் தோளைப் பிடித்திருந்தார்.

"அண்ணே, அது காத்து. இந்தப் பள்ளத்துல காத்து அப்படித்தான் பேசும்."

"காத்து வந்துட்டேன்பான்னு சொல்லாதுங்க" என்றார் மாமா. "குரல் குடுத்துட்டான். நான் எப்படி எழுந்திரிக்கிறது?"

ஆஃப்ரின் என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதில் எல்லாவற்றையும் நாலு வாக்கியத்தில் சொன்னாள்.

நாலரை மணிக்கு கேட் மூடிவிடுவார்கள். மலை விளிம்பில் பனி ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குக் குளிர் எடுத்தது. சுப்பிரமணியன் இரண்டு தடவை மணி பார்த்தார். மாமா அசையவில்லை. நான் பேசாமல் இருந்துவிட்டால் காற்று என்றே போய்விடும், யாருக்கும் தெரியாது. அப்படி இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன், அதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் இவர் இப்படியே ஊருக்குப் போனால் காரியம் செய்யமாட்டார். கடலூர் வண்டிக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு ஆயுசுக்கும் நிற்பார்.

போய் அவர் முன்னால் குந்தினேன்.

"மாமா, அது நான். கீழ பாறைகிட்ட இருந்தேன். சத்தியமா எனக்கு எதுவும் தெரியாது மாமா."

அத்தா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். மாமா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"தெரியும்டா" என்றார். "ஜூஸ் கடைக்குப் பின்னாடி எத்தினி வருஷமா கேக்கறேன் உன் குரலை."

அத்தாவின் ஓங்கிய கை கீழே இறங்கியது.

"அங்கயும் நீதான்னு தெரிஞ்சுதான்டா வண்டிய நிறுத்தறேன். ஒரு நாள் நெஜமாவே ஒருத்தன் ஓடியாந்தா என்னா பண்றது?"

அப்புறம் எழுந்து நின்றார். மூன்றாவது கணக்கில் சேராது, இன்னொரு தடவை விடுங்கள் என்று சுப்பிரமணியனிடம் கேட்டார். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சரி என்றார். மாமா இந்தத் தடவை ஸ்டாண்டுக் குரலில் கூப்பிடவில்லை. காலையில் பாயில் படுத்திருக்கிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி, பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார். நாங்கள் எல்லோரும் மூச்சை விடாமல் நின்றோம். எதிர் மலைகூடத் திருப்பிச் சொல்லவில்லை.

இறங்கும்போது அவருடைய லேஸ் அவிழ்ந்து தரையில் இழுபட்டது. நான் உட்கார்ந்து இரண்டு காலுக்கும் கட்டிவிட்டேன். தடுக்கி விழுந்தால் அத்தாவின் டூருக்குக் கெட்ட பேர் என்றுதான்.

வேனில் எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம். அத்தா இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். மாமா வெளியே நின்று வேன் தகரத்தில் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே மேலே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தட்டு தட்டினார். இரண்டாவதுக்கு ரொம்ப நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை. தட்டிவிட்டு ஏறினார். என் பக்கத்தில்தான் இடம் இருந்தது.

பத்து நாள் கழித்து சுண்ணாம்பாற்றங்கரையில் காரியம் நடந்தது. அத்தாவும் நானும் போயிருந்தோம். தர்ப்பையில் செய்து வைத்திருந்தது ஒரு முழ நீளம்கூட இல்லை. ஆதிலட்சுமி அத்தை அதன் மேல் அவனுடைய பழைய சட்டை ஒன்றைப் போர்த்தினார். சட்டை பெரிதாக இருந்தது. மடித்து மடித்துப் போர்த்தினார்.

இப்போதும் நோட்டீஸ் ஒட்ட ஸ்டாண்டுக்குப் போகிறேன். ஜூஸ் கடைக்குப் பின்னால் போவதில்லை. குரலும் கொடுப்பதில்லை. மாமா மூன்றாவது தடவை கூப்பிட்டு முடித்து, தகரத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொள்கிறார். யாரும் வரேன் என்று சொல்லவில்லை. டிரைவர் திட்டுகிறார். ஆனாலும் இரண்டு நிமிஷம் கழித்துத்தான் தட்டுகிறார்.