கண்ணாடிக்கடை மாடி டாக்டர்

எங்கள் தையல் கடையில் சட்டைகளுக்குப் பொத்தான் துளை, அதாவது காஜா, எடுப்பதால் அவளுக்குக் காஜாக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் முதலாளிக்கே மறந்துவிட்டது. வாய் ஓயாது. அளவு கொடுக்க வருகிறவர்களிடம்கூடத் தன் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லுவாள். "சாருக்கு இடுப்பு முப்பத்தாறு, எனக்குச் சர்க்கரை இருநூத்தி எண்பது, எழுதிக்கோடி" என்பாள் என்னிடம்.

சர்க்கரையோடு தைராய்டும் சேர்ந்துகொண்டது. "எண்டோகிரைனாலஜிஸ்ட், அதான் ஹார்மோன் டாக்டர், ஒருத்தரைப் பாத்துடுங்க. விட்டா கால்ல வந்து நிக்கும்" என்றார், வழக்கமாகப் பார்க்கும் டாக்டர். "பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பாதி சர்க்கரை இறங்கிடுமே" என்று சிரித்தாளே தவிர, பயந்துதான் போனாள். காலுக்கு ஏதாவது ஆனால் பெடல் மிதிக்க முடியாது. வேறு வேலையும் தெரியாது.

தங்கச்சியைக் கேட்டாள். தங்கச்சி வங்கியில் இருக்கிறாள். படிக்க வைத்ததே இந்த அக்காதான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"நம்ம ஊர்ல ஹார்மோன் டாக்டர் ஏதுக்கா? இருந்தா எனக்குத் தெரியாதா? பெரிய ஊருக்குத்தான் போகணும்."

பெரிய ஊர் என்றால் பஸ்ஸில் நாலு மணி நேரம். முதல் வருஷம் ஒழுங்காகப் போனாள். பிறகு பள்ளிக்கூடச் சீருடை வேலை குவிந்ததென்று ஒரு தடவை விட்டாள், இடுப்பு வலி என்று அடுத்ததையும் விட்டாள். "போனியாக்கா?" என்று தங்கச்சி மட்டும் மறக்காமல் கேட்பாள்.

ஒருநாள் அவள் மெஷினுக்கு அடியில் ரத்தம். உடைந்து விழுந்த ஊசித்துண்டு பாதத்தில் ஏறியிருந்தது. நான் கத்தினேன். அவளோ "யாருக்குடி என்ன ஆச்சு?" என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். வலியே தெரியவில்லை. புண் ஆறாமல், கடைசியில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

கட்டு மாற்றிய நர்ஸ்தான் சொன்னாள். "எதுக்கு அவ்வளவு தூரம் அலையறீங்க? உங்க கடைக்கு ரெண்டு தெரு தள்ளி, கண்ணாடிக்கடை மாடியில ஹார்மோன் டாக்டரம்மா இருக்காங்களே. ஆறேழு வருஷமா பாக்கறாங்க."

"பாவம், தங்கச்சிக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள் காஜாக்கா.

நான்தான் கைத்தாங்கலாக மாடியேற்றினேன். வரவேற்பில் இருந்த பெண் போன் நம்பர் கேட்டாள். தன் போன் அடிக்கடி செத்துப்போகும் என்று தங்கச்சி நம்பரைக் கொடுத்தாள் காஜாக்கா. கம்ப்யூட்டரில் தட்டிய பெண் நிமிர்ந்தாள்.

"இந்த நம்பர்ல ஏற்கெனவே ஒருத்தங்க ஆறு வருஷமா வராங்களே. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"கூடப் பிறந்தவங்க யாரும் இல்லைன்னுல்ல போட்டிருக்கு?"

ஆறு வருஷம்! காஜாக்கா டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து தங்கச்சிக்குப் போன் போட்டாள். எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்டது.

"எனக்குச் சர்க்கரை இருக்கறது என் வீட்டுக்காரருக்கே தெரியாதுக்கா. நீ அங்க வந்து என்னைப் பாத்திருந்தா ஊரெல்லாம் தெரிஞ்சிருக்கும். உன் வாயில எது நிக்கும், சொல்லு?"

"என் விரல் போச்சேடி" என்றாள் காஜாக்கா.

அடுத்த மாதம் போனபோது நாற்காலிகள் நிறைந்திருந்தன. நடுவில் தங்கச்சி. அக்காவின் கட்டுப்போட்ட காலைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"அக்கா, இங்க உக்காரு."

பக்கத்து நாற்காலி அம்மாள், தங்கச்சி கணவரோடு வேலை பார்ப்பவராம். "இவங்க உங்க சொந்த அக்காவா? தைராய்டுக்குத்தான் வந்தேன்னீங்க, இவங்க காலைப் பாத்தா குடும்பத்துலயே சர்க்கரை போலிருக்கே?" என்று கேட்டார். தங்கச்சிக்கு முகம் வெளுத்தது.

காஜாக்கா முந்திக்கொண்டாள். "இல்லீங்க. வயசுக்கு மரியாதை குடுத்து எழுந்திருக்காங்க. எனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் கிடையாது."

அந்த நாற்காலியில் அவள் உட்காரவில்லை. கூப்பிடும்வரை, அரைமணி நேரம், சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலோடு நின்றாள்.

இன்றுவரை கடையில் யாரிடமும் அவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை, சொல்லிவிட்டேன்.