பச்சையாக மாறிய செம்பருத்தித் தண்ணீர்

வியாழக்கிழமை முதல் பாடவேளை. கரும்பலகையில் அமிலம், காரம் என்று எழுதி நடுவில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது மேசையில் கைபேசி அதிர்ந்தது. கனி பாய். வகுப்பு நேரத்தில் அவர் கூப்பிடுகிறவர் இல்லை. வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். "டீச்சர், ரஹ்மத் மௌத்தாயிட்டா," என்றார். இறந்துவிட்டார். திரும்பிப் போய் அந்தப் பாடத்தை முடித்தேன். எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் மனைவி ரஹ்மத், எங்கள் பள்ளியின் தையல் ஆசிரியை. ஆசிரியர் அறையில் பாதிப் பேர் தலையில் அவர் காய்ச்சிய தண்ணீர் விழுந்திருக்கிறது. செம்பருத்திப் பூவும் ஒரு கை வெந்தயமும் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடிகட்டி, திங்கள்கிழமைதோறும் பாட்டிலில் கொண்டுவருவார். தலைக்குக் குளித்ததும் கடைசியாக ஊற்ற வேண்டும். முடி கொட்டுகிறவர்களின் பாட்டில் கழுத்தில் சிவப்பு நூல், பொடுகுக்காரர்களுக்கு நீலம். எனக்குச் சிவப்பு. "பிள்ளைகள இம்புட்டுத் திட்டுனா முடி எங்கிட்டு நிக்கும் டீச்சர்?" என்பார். எனக்குக் கோபம் வந்ததில்லை. உண்மைதானே.

ஒருமுறை விளையாட்டு டீச்சர், "இதைக் குடிச்சா என்ன ஆகும்?" என்று சீண்டினார். ரஹ்மத் மூடியில் ஊற்றி ஒரே மடக்கில் குடித்துக் காட்டினார். "வாயில வைக்கப் பயப்படுறதத் தலையில ஏன் ஊத்துறீங்க? ஒவ்வொரு தடவையும் ருசி பாத்துட்டுத்தான் கொண்டாரேன்." எல்லோரும் சிரித்தோம்.

திருநகரைத் தாண்டி, திருமங்கலம் சாலையை ஒட்டி, வயலாக இருந்த இடத்தில் மனை போட்டபோது ரஹ்மத்தும் நானும் அடுத்தடுத்த தெருவில் வீடு கட்டினோம். ஆழ்துளைப் போர் போட்டு வந்த முதல் தண்ணீரிலேயே அவர் பூவைக் காய்ச்சினார். நாவல்பழ நிறம். "நல்ல தண்ணி டீச்சர்," என்று கண்ணாடி டம்ளரை வெயிலில் தூக்கிக் காட்டினார். பிறகு எங்களுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை வந்தது. பெயர்ப்பலகை கிடையாது. ஷட்டர் எப்போதும் முழங்கால் உயரத்துக்குத்தான் திறந்திருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. நாங்களும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அந்த மழைக்காலத்தில் வாய்க்காலில் தவளைச் சத்தமே இல்லை என்று முதலில் சொன்னவர் ரஹ்மத்தான்.

அடுத்த ஆண்டு ஒரு திங்கள்கிழமை என் மேசையில் பாட்டிலை வைத்தார். உள்ளே பச்சை.

"அதே பூ, அதே சட்டி. மூணு வாரமா இப்படித்தான் ஆகுது. தண்ணியில என்னமோ இருக்கு. நீங்க சயின்ஸ் படிச்சவங்க, சொல்லுங்க டீச்சர்."

என் முன்னால் திருத்தாத விடைத்தாள்கள் குவிந்து கிடந்தன. தலையைத் தூக்காமலே, "உப்புத் தண்ணியில அப்படித்தான் ஆகும். ஒண்ணுமில்ல," என்றேன். செம்பருத்திச் சாறு காரத்தில் பச்சையாகும் என்று ஆண்டுதோறும் நடத்துகிறவள் நான். நாவல்பழ நிறத்தை என் கண்ணால் பார்த்தவளும் நான்தான். "அப்பச் சரி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறேழு மாதத்தில் ரஹ்மத்துக்குக் கால் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். தண்ணீரால்தான் என்று மருத்துவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. துக்க வீட்டில் கனி பாய் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் பேசினார். "குடிக்க கேன் தண்ணி வாங்குவோம்னு சொன்னேன் டீச்சர். சயின்ஸ் டீச்சரே ஒண்ணுமில்லன்னுட்டாங்க, நம்ம போர் தண்ணியே போதும்னுட்டா."

அன்று மாலை எங்கள் வீட்டுச் செடியில் நான்கு பூப் பறித்து, எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் காய்ச்சினேன். அடுப்படியை விட்டு நகரவில்லை. முதலில் சிவப்பு இறங்கியது. பிறகு கருத்தது. பிறகு ஓரத்திலிருந்து பச்சை பிடித்தது. பத்தாவது படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள்.

"உப்புத் தண்ணிதானம்மா. நீதான சொல்லுவ," என்றபடி குழாயில் டம்ளரைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். தட்டிவிட்டேன். டம்ளர் சுவரில் மோதி விழுந்தது. அவள் பயந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அவளுக்கு முன்னால் அழவில்லை.

ரஹ்மத் தந்தவற்றில் சிவப்பு நூல் கட்டிய பாட்டில் ஒன்று என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அதைக் கழுவி எங்கள் போர் தண்ணீரை நிரப்பி வைத்திருக்கிறேன். நாளை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகிறேன். எங்கள் மனைகளில் குடியிருக்கிறவர்கள் இதைப் படித்தால் நீங்களும் நான்கு பூவைக் காய்ச்சிப் பாருங்கள். பச்சையானால் என்னிடம் வந்து கேட்காதீர்கள், நேராக அங்கே கொண்டுபோங்கள். ரஹ்மத் கேட்டபோது, எனக்குத் தெரியாது என்று மட்டும் நான் சொல்லியிருந்தால், அவர் அன்றைக்கே இந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்.