கோணக்கொம்பு எருமையும் ஐந்து குடங்களும்

பெரியவளே, சின்னவனே, நாம் விற்கும் மாட்டுத் தீவன மூட்டையில் அச்சடித்திருக்கும் எருமையைப் பார்த்து, "ஏம்ப்பா, இதைவிட அழகா ஒரு மாடு கிடைக்கலையா?" என்று கேலி செய்வீர்களே, அதன் கதையை எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது நம் கட்டுத்தறி எருமைதான். மூட்டைக்கு ஒரு சின்னம் பதிவு செய்யப் போனபோது சேலத்து வக்கீல் அதன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "பசுவும் பால் சொம்பும் நிறையப் பேர் வாங்கிட்டாங்க. ஒரு கொம்பு வானத்தையும் ஒரு கொம்பு தரையையும் பார்க்கிற முகம் ஒருத்தர்கிட்டயும் இருக்காது" என்றார். விண்ணப்பம் போட்டோம். ஆட்சேபணை சொல்ல ஒருவரும் வரவில்லை. டிரேட்மார்க் சான்றிதழ் வந்த அன்று உங்கள் அம்மா, "நம்ம கல்யாணத்தையே இன்னும் ரிஜிஸ்டர் பண்ணலீங்க. எருமைக்குப் பண்ணிப்போட்டீங்க!" என்றாள்.

சில மாதம் கழித்து எருமப்பட்டிப் பால்பண்ணைக்காரர் போனில் கூப்பிட்டார். நம்மிடம் முதன்முதலில் மூட்டை வாங்கியவர் அவர்தான். "ஏனுங்க, ஆத்தூர் போன எடத்துல ஒரு கடையில உங்க எருமையைப் பார்த்து ரெண்டு மூட்டை வாங்கியாந்தேனுங்க. வெறும் உமி. என்ற மாடு மோந்துகூடப் பார்க்கலை. இனி உங்க தீவனமே வேண்டாமுங்க."

ஆத்தூருக்கு நான் ஒரு மூட்டைகூட அனுப்பியதில்லை. சான்றிதழை லேமினேஷன் போட்டு எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன்.

"என்ற எருமையைப் போட்டு உன்ற உமியை விக்கறியா?" என்றேன்.

கடைக்காரர் அசரவில்லை. "அண்ணே, நான் எங்க அச்சடிச்சேன்? பழைய சாக்குக்காரர்கிட்ட கட்டுக்கட்டா வாங்கினேன். உங்க வீட்லதான் எடுத்தேன்னு சொன்னாரு."

புது மூட்டை இறக்கும்போது காலிச் சாக்கைத் திருப்பி வாங்குவது நம் பக்கத்து வழக்கம். அதை நான்தான் சாக்குக்காரருக்குப் போட்டு, பதிலுக்குப் பிளாஸ்டிக் குடம் வாங்கினேன். நம் வீட்டுக் குடம் ஐந்தும் அப்படி வந்தவைதான்.

அங்கிருந்தே வக்கீலைப் போனில் கூப்பிட்டேன். சிரித்து முடிக்கவே அவருக்கு நேரமானது. "பழைய சாக்கானாலும் உங்க படத்தைக் காட்டி அவர் சரக்கை விக்கக் கூடாது. நோட்டீஸ் விடுறேன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே என் கண்ணெதிரில் சாக்குகளை உட்புறம் வெளியே வரும்படி புரட்டினார்.

மறுநாள் எருமப்பட்டிக்கு நானே ஒரு மூட்டை கொண்டுபோய், அவர் மாட்டுக்கு முன்னால் கொட்டினேன். அது தலையைத் தூக்கவே இல்லை. அவர் மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செரி, பழையபடி இறக்குங்க. சாக்கை மட்டும் பத்திரமா வெச்சுக்குங்க சாமி" என்றார்.

அன்று சாயங்காலம் நீங்கள் டியூஷனுக்கும் அம்மா கடைக்கும் போயிருந்தீர்கள். வீட்டில் மீதமிருந்த காலிச் சாக்குகளை இனி வேறு யாரும் நிரப்பி விற்காதபடி வெட்டிப்போட, கட்டுத்தறிக்கு எடுத்துப்போய்க் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். முதல் சாக்கில் அச்சடித்திருந்த முகத்துக்குக் குறுக்கே வெட்டப் போனபோது எருமை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்றாக வெட்டினேன்.