பாவாடை எழுதிய பன்னிரண்டாவது பேர்

சிங்கவரம் ரேஷன் கடையில் எடை போடுகிற பாவாடையின் வீட்டுக்குச் சர்க்கரை எப்போதும் கடைசியில்தான் வந்து சேரும். ஊரெல்லாம் வாங்கி முடித்து, மூட்டையைக் கவிழ்த்து உதறுகிற நேரத்தில்தான் அவர் பெண்டாட்டி ஜெயக்கொடி கார்டை நீட்டலாம். வரிசையில் முன்னால் நின்றாலும், "பின்னால போய் நில்லும்மா" என்பார், யாரோ எவளோ போல. ஒரு மாதம் சர்க்கரை அவள் முறைக்கு முன்னாலேயே தீர்ந்து போனது. அந்த மாதம் முழுக்க வெல்லக் காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். பேசினால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

ஜெயக்கொடி வேற்று ஆள் இல்லை. பாவாடையின் நைனாவோடு கூடப் பிறந்தது ஒரே ஒரு அத்தை. அந்த அத்தைக்கு மூத்தவள் இவள், கடைக்குட்டி தங்கராஜ். நடுவில் பிறந்த இரண்டும் நிற்கவில்லை. தங்கராஜ் பிறந்தபோது பாவாடைக்குப் பதினைந்து வயது, தொட்டில் கயிறு கட்ட உத்தரத்தில் ஏறினதே அவர்தான். பிறகு ஜெயக்கொடியைக் கட்டினார். அத்தை மகனாக இருந்த தங்கராஜ் மச்சானும் ஆனான். இத்தனை நெருங்கின சொந்தமாக இருந்ததுதான் அவனுக்கு வந்த கேடு.

ஏனென்றால் சிங்கவரம் கபடி டீமுக்கு ஆள் பொறுக்குகிறவரும் பாவாடைதான். முப்பது வயது வரைக்கும் ஆடினார், காறை எலும்பு ஒடிந்தது, அதோடு கோட்டுக்கு வெளியே வந்துவிட்டார். அன்றிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் ஒரு தாளில் பன்னிரண்டு பேர் எழுதுவார். ஏழு பேர் ஆடுவார்கள், ஐந்து பேர் உட்காருவார்கள். பன்னிரண்டாவது பேர் பதினாலு வருசமாக மாறவே இல்லை. தங்கராஜ்.

தங்கராஜ் மோசமான ஆட்டக்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செஞ்சி மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவன், அவன் கை பிடித்தால் பிடித்ததுதான். இடது கோடியில் நின்று, 'கபடி கபடி' என்று பாடி வருகிறவன் காலைப் பிடிப்பது அவன் வேலை. ஆனால் ஓட்டம் கம்மி. அவனைவிட வேகமான பையன் ஒருத்தன் ஊரில் எப்போதும் இருந்தான். அது நியாயம். நியாயம் இல்லாதது வேறொன்று. இரண்டு பேரும் சமம் என்று பட்ட வருசங்களிலும் பாவாடை மற்றவனைத்தான் இறக்கினார்.

அதற்குக் காரணம் டீக்கடையில் விழுந்த ஒரு சொல். முதல் வருசம் தங்கராஜை இறக்கினபோது டீம் தோற்றது. மறுநாள் காலையில் எவனோ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "மச்சான் கோட்டாவுல ஆள் எடுத்தா கப்பு எப்படிப்பா வரும்?" என்றான். கடையே சிரித்தது. சொன்னவன் டீ ஆறுவதற்குள் மறந்திருப்பான். பாவாடைக்கு அது முள்ளாக ஏறி உள்ளேயே தங்கிவிட்டது.

இந்த வருசம் போகி அன்று சாயங்காலம் தங்கராஜ் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மாமா, இந்த வாட்டியோட என் பேர எடுத்துடு."

"இன்னாடா திடீர்னு?"

"பதினாலு வருசம் கழிச்சி சொன்னா உனக்குத் திடீரா? எம் பொண்ணு சுவாதி கேக்குது மாமா. 'நைனா, நீ கபடி ஆடுறியா, இல்ல அவங்களுக்குத் தண்ணி கேன் தூக்குறியா'ன்னு. நான் இன்னா சொல்லட்டும்?"

அடுப்படியிலிருந்து ஜெயக்கொடி கரண்டியோடு வந்தாள்.

"ரேஷன்லதான் நாங்க கடைசி. ஆட்டத்துலயுமா மாமா?"

"நான் யாருக்கும் ஒரு கிராம் கொறைச்சிப் போட்டதில்ல, ஜெயா."

"எங்களுக்குப் போட்டிருக்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

தங்கராஜ் செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்த ஒரு பொங்கலுக்கு வரேன். அப்பறம் நீயாச்சு, உன் தாளாச்சு" என்றான்.

காணும் பொங்கல் அன்று செஞ்சியில் ஆட்டம். நாலு ஊர் டீம். காலையில் இரண்டு ஆட்டம், ஜெயித்த இரண்டும் சாயங்காலம் கப்புக்கு மோதும். மலை ஏறிக் கோட்டை பார்க்க வந்த சனமெல்லாம் இறங்கி வந்து கயிற்றைச் சுற்றி நின்றுவிட்டது. சிங்கவரத்துக்கு முதல் ஆட்டமே தளவானூரோடு.

ஆட்டத்துக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். எழுபது கிலோவுக்கு மேல் இருந்தால் வெளியே. இடது கோடி ஆட வேண்டிய ஹரிஹரசுதன், ஊர் வாயில் சுதன், இருபது வயசு, காலேஜ் பிள்ளை. முந்தின நாள் மாட்டுப் பொங்கலுக்கு மாமியார் வீடு இல்லாத குறையைக்கூட அம்மா வீட்டிலேயே தீர்த்துக்கொண்டவன். தராசில் ஏறினான். எழுபது கிலோ முந்நூறு.

"போச்சு! எத்தினி தோசைடா தின்ன?" என்றான் டீமில் பாடிப் போகிற குரு.

"பதினொண்ணு," என்றான் சுதன் பாவமாக. "கறிக்கொழம்பு ஊத்திக்கினே இருந்தாங்க."

மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்ப ஏற்றினார்கள். எழுபது கிலோ இருநூறு. எடை எழுதுகிறவர் பேரை அடித்துவிட்டு, "வேற ஆள் சொல்லுங்க" என்றார். எடையும் தேறி, அந்த இடத்துக்குத் தாளில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பேர்தான். தங்கராஜ் பையிலிருந்து பன்னிரண்டாம் நம்பர் பனியனை எடுத்துத் தலையில் மாட்டினான். பதினாலு வருசத்தில் அது ஒரு தடவைகூடக் கிழிந்ததில்லை.

பாவாடைக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. தான் ஒன்றும் செய்யவில்லை, தானாக நடந்தது, இனி ஒருத்தனும் பேச முடியாது என்று நினைத்தார். நினைத்த வாக்கிலேயே அவர் கண் தராசுக்குப் போனது. இருபத்தைந்து வருசமாக எடை போடுகிற கண், யாரும் ஏறி நிற்காத தட்டைத்தான் முதலில் பார்க்கும். மண்டியிலிருந்து கொண்டுவந்த எலக்ட்ரானிக் தராசு. இரும்புத் தட்டு வெயிலில் சுடுகிறது என்று எவனோ அதன்மேல் ஒரு கோணியை மடித்துப் போட்டிருந்தான். ஆளில்லாத தட்டு நானூறு கிராம் காட்டியது.

பாவாடை கண்ணை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். தங்கராஜ் குனிந்து முழங்காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜெயக்கொடி சுவாதியைத் தூக்கிப் பிடித்து, "அதோ பார் உங்க நைனா" என்று காட்டிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை.

"சார்," என்றார் பாவாடை. "அந்தக் கோணிய எடுத்துட்டு ஜீரோ வெச்சிப் போடுங்க."

கோணியை எடுத்தார்கள். சுதன் ஏறினான். அறுபத்தொன்பது எண்ணூறு. பையன் குதித்தே விட்டான். தங்கராஜ் பனியனைக் கழற்றி, மடித்து, பையில் வைத்தான். தண்ணி கேனைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான். ஜெயக்கொடி பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள்.

ஆட்டம் தொடங்கினது. தளவானூருக்குப் பாடி வந்தவன் அன்புமணி என்கிற ஒல்லிப் பையன். வலது பக்கம் போகிறவன் மாதிரி போவான், சட்டென்று திரும்பி இடது கோடியில் பின்னங்காலால் ஒரு உதை விடுவான். கால் பட்டதா இல்லையா என்று சுதன் யோசிப்பதற்குள் அவன் கோட்டைத் தொட்டிருப்பான். மூன்று தடவை சுதன் அவுட். பாதி ஆட்டத்தில் தளவானூர் பதினேழு, சிங்கவரம் பதினொன்று.

கயிற்றோரம் குருவின் அம்மா ரஞ்சிதம் நின்றுகொண்டு இரண்டு பக்கத்துக்கும் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏ ரஞ்சிதம், நீ எந்த ஊர் கட்சி?" என்று ஒரு பொம்பளை கேட்டாள்.

"இன்னா பண்ணட்டும்? இவன் நான் பெத்தது, அவன் எங்க அக்கா பெத்தது. ரெண்டும் சீயமங்கலத்துல எங்க அண்ணன் களத்துலதான் லீவெல்லாம் உருண்டு கெடக்கும். பாரேன், அப்பிடியே ஒரே உதை!"

பாவாடைக்குக் காதில் அது விழுந்தது. அன்புமணி யார் மகன் என்று அவருக்கும் தெரியும். ரஞ்சிதத்தின் அக்காவைத் தளவானூரில் கொடுத்த கல்யாணத்துக்குப் பந்தலில் சாம்பார் வாளி தூக்கினவர் அவர். தெரிந்தும் மண்டையில் உறைக்கவில்லை. குருவைக் கூப்பிட்டார்.

"குரு, பிராக்டிஸ்ல உன்ன அதிகமா புடிக்கிறது யாரு?"

"தங்கராஜண்ணன்தான். இது இன்னா கேள்வி?"

"எப்பிடிறா புடிக்கிறான்? அவனுக்கு ஓட்டமே இல்லியே."

"எதுக்கு ஓடணும்? நான் உதைக்கறதுக்கு முன்னாலயே அவர் என் கால் வர்ற எடத்துல ஒக்காந்துனு இருக்காரு. ஒதைக்க முன்னால நான் இடது கைய தொடையில தொடைக்கறனாம். எனக்கே தெரியாது, அவர் சொல்லித்தான் தெரியும்."

அன்புமணியும் துடைக்கிறான். மூன்று தடவையும் துடைத்தான். பாவாடை கண்ணால் பார்த்தார், பார்த்ததை அப்போதுதான் புரிந்துகொண்டார்.

இப்போது தராசும் இல்லை, கோணியும் இல்லை. தன் வாயால்தான் சொல்ல வேண்டும்.

"சுதா, நீ ஒக்காரு. தங்கராஜு, எறங்கு."

"அண்ணே, நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"நீ ஒரு தப்பும் பண்ணல கண்ணு. அந்தப் பையன் கால் இவனுக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அவ்ளோதான்."

தங்கராஜ் பனியனை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். எதிர்பார்த்தது வந்தது. கூட்டத்திலிருந்து ஒரு குரல், "ஏய்! மச்சான் கோட்டா வருதுடா, வழி விடு!" சுற்றிலும் சிரிப்பு. பாவாடை திரும்பினார்.

"ஆமாண்டா, எம் மச்சான்தான்! பாத்துனே இரு!"

பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முதல் தடவை அன்புமணி வந்தான், தங்கராஜ் ஒரு மூச்சு முந்தித் தாவினான், உதை தோளில் பட்டது, அவுட். சிரிப்பு இரண்டு மடங்காக ஆனது. சுதன் எழுந்து பாவாடையைப் பார்த்தான். பாவாடை வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். ஒரு தடவையில் தெரிகிற விஷயம் இல்லை இது, பதினாலு வருசத்தில் பார்த்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேர்வை வேட்டி வரைக்கும் வழிந்தது.

குரு போய் ஒருத்தனைத் தொட்டு வந்தான், தங்கராஜ் திரும்ப உள்ளே வந்தான். அன்புமணி பாடி வந்தான். வலது பக்கம் போனான். இடது கை தொடையில் ஒரு துடை. தங்கராஜ் தாவவில்லை, அப்படியே உட்கார்ந்தான். கால் தானாக வந்து அவன் கைக்குள் விழுந்தது. மூட்டை தூக்குகிற பிடி. அன்புமணி மண்ணை வாரிக்கொண்டு கிடந்தான், கோடு அவன் விரலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

"நைனா!" என்று சுவாதி போட்ட சத்தம் மைதானத்தில் எல்லாருக்கும் கேட்டது.

இன்னும் இரண்டு தடவை பிடித்தான். அதற்கப்புறம் அன்புமணிக்கு அந்தப் பக்கம் வரவே கால் கூசியது. குரு ஒவ்வொன்றாக ஏற்றினான். இருபத்தெட்டுக்கு இருபத்தாறு, சிங்கவரம் ஜெயித்தது. ரஞ்சிதம் ஒரு கண்ணால் சிரித்து ஒரு கண்ணால் அக்கா மகனுக்கு மூக்கைச் சிந்தினாள்.

சாயங்காலம் கப்புக்குச் செஞ்சி டவுன் பசங்களோடு ஆட்டம். இப்போது கூட்டம் வேறு மாதிரி கத்தியது. "மச்சானை எறக்கு! மச்சானை எறக்கு!" காலையில் சிரித்த அதே குரலும் அதில் இருந்தது. பாவாடை டவுனுக்குப் பாடி வருகிற பையனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குட்டையன், காலையே தூக்க மாட்டான், மீன் மாதிரி நுழைந்து கையால் தட்டிவிட்டு ஓடுவான். தங்கராஜின் முழங்காலைப் பார்த்தார். சுதனை இறக்கினார்.

ஜெயக்கொடி கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். "மறுபடியுமா மாமா? இவ்ளோ ஆனதுக்கு அப்பறமுமா?"

பதில் சொன்னது தங்கராஜ். "அக்கா, நீ சும்மா இரு. அவன் பின்னால ஓட எனக்குக் கால் இல்ல. நான் எறங்குனா நாஸ்திதான். மாமா சரியாத்தான் பாக்குறாரு."

சுதன் நன்றாகவே ஆடினான். ஆனாலும் இரண்டு பாயிண்டில் கப்பு டவுனுக்குப் போனது. திரும்புகிற வழியில் டீக்கடையில் எவனோ, "மச்சானை எறக்கி இருந்தா ஜெயிச்சிருக்கலாம்பா" என்றான். பாவாடைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இந்த வாயை நம்பியா பதினாலு வருசத்தை வீணாக்கினோம் என்று இருந்தது.

தங்கராஜ் டீயை ஊதிக்கொண்டே சொன்னான். "அந்தக் கோணிய நானும் பாத்தேன் மாமா. தினம் மூட்டை வெக்கிற தராசாச்சே."

"பாத்துட்டு ஏன்டா சொல்லல?"

"நீ சொல்றியான்னு பாத்துனு இருந்தேன். சொல்லலன்னா நான் சொல்லி இருப்பேன்." ஒரு வாய் குடித்தான். "கொஞ்சம் லேட்டா."

"பேர எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும். தளவானூரான் வந்தா மட்டும் கூப்புடு. மத்த நேரத்துக்குத் தண்ணி கேன் தூக்குறேன்."

"சுவாதி கேட்டா?"

"இனிமே அது கேக்காது."

அடுத்த மாதம் ரேஷன் கடையில் ஜெயக்கொடி வரிசையில் நாலாவது ஆளாக நின்றாள். அவள் முறை வந்ததும் பாவாடை பழக்கத்தில் வாயைத் திறந்தார். அவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் வாயை மூடிக்கொண்டு கார்டை வாங்கினார்.

"தட்டுல ஜீரோ இருக்குதா மாமா?" என்றாள்.

"இருக்குது, நீயே பாரு," என்று சொல்லிவிட்டுச் சர்க்கரையை அள்ளினார்.